கிடைத்த வேலை வேறு, நினைத்த வேலை வேறு: ஆஃபர் லெட்டருக்குப் பதில் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கன்ட்ரோலர் கம்பெனியில் மூன்று வருடமாக எம்பெடட் சி (கருவிகளுக்குள் ஓடும் புரோகிராம்) எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடுத்து வாகன எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் வருகிறது. பதவி சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர், சம்பளம் வருடத்துக்கு 7.2 லட்சம். விசாரித்துப் பார்த்தால் வேலை என்னவோ வெளிநாட்டு வங்கி ஒன்றின் அப்ளிகேஷன் சப்போர்ட், அதாவது ஏற்கெனவே ஓடும் மென்பொருளில் வரும் கோளாறுகளைப் பார்ப்பது. அதுவும் சுழற்சி ஷிப்ட். ஐந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். சங்கடப்பட்டுக்கொண்டே சரி என்பார்கள். அல்லது எச்.ஆர். போனை எடுக்காமலே இருந்துவிடுவார்கள். அல்லது சரி என்று சொல்லிவிட்டு, சேர வேண்டிய நாளில் போகமாட்டார்கள். இந்த மூன்றும் தேவையில்லை. கம்பெனி உங்களுக்காக நாலைந்து ரவுண்டு இன்டர்வியூ நடத்தி, ஆட்களின் நேரத்தைச் செலவழித்து, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கித்தான் அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கும் உண்டு. கடிதம் வந்ததற்கும் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கும் நடுவில் இருக்கும் இந்தச் சில நாட்களில்தான் “இதை மாற்ற முடியுமா?” என்ற கேள்விக்கு மதிப்பு. சேர்ந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் அது புகார் ஆகிவிடும்.

படி 1: அன்றே பதில் போடுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள்

கடிதம் கிடைத்தது, நன்றி, முழுவதும் படித்துவிட்டு இந்தத் தேதிக்குள் பதில் சொல்கிறேன். இவ்வளவுதான் முதல் மெயில். சில கம்பெனிகள் போர்ட்டலில் ‘அக்செப்ட்’ பட்டனை வைத்திருக்கும்; அதை இப்போது தொடவேண்டாம். எச்.ஆர். போனில், “முதல்ல அக்செப்ட் பண்ணிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். அவருடைய வேலை அது. நீங்கள் இப்படிச் சொல்லலாம்:

“ரொம்ப நன்றி மேடம். லெட்டரை முழுசாப் படிச்சுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன். ரோல் பத்தி ரெண்டு மூணு கேள்வி இருக்கு, மேனேஜர்கிட்ட பத்து நிமிஷம் பேச ஏற்பாடு பண்ண முடியுமா?”

அவகாசம் போதாது என்றால் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள். “கொஞ்சம் டைம் வேணும்” என்று இழுக்காமல், தேதியைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்பதைப் பெரும்பாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் வேறு ஆஃபர் இல்லாமலே இருப்பதாகச் சொல்ல வேண்டாம். “லெட்டரை அனுப்புங்க, மேட்ச் பண்றோம்” என்றால் மாட்டிக்கொள்வீர்கள். இப்போதைய வேலையை ராஜினாமா செய்யும் பேச்சு இந்தக் கட்டத்தில் வரவே கூடாது.

படி 2: எது பொருந்தவில்லை என்று பிரித்துப் பாருங்கள்

“எனக்கு செட் ஆகல” என்பது பதில் ஆகாது. செய்யப்போகும் வேலையா, துறையா, ஊரா, ஷிப்டா, பதவி மட்டமா, பணமா? ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய ஆளும் கேள்வியும் வேறு.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. இந்த வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு, அப்போதைய ரெஸ்யூமேயில் இந்த வேலைக்குக் கீழே வரும் இரண்டு வரிகளை இப்போதே எழுதிப் பாருங்கள். நம் கோவைக்காரருக்கு அது இப்படி வரும்: ‘வங்கி மென்பொருளில் வந்த டிக்கெட்டுகளை (புகார்களை) கெடுவுக்குள் தீர்த்தேன். இரவு ஷிப்டில் குழுவை ஒருங்கிணைத்தேன்.’ அடுத்து, அவர் போக விரும்பும் வேலைக்கான விளம்பரம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அதில் கேன் புரோட்டோகால், ஆட்டோசார், மைக்ரோகன்ட்ரோலர் டிரைவர் என்று வாகன எலக்ட்ரானிக்ஸ் சொற்களாக இருக்கும். இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. பிரச்சினை சம்பளத்திலோ ஊரிலோ இல்லை, வேலையிலேயே இருக்கிறது என்று இப்போது தெளிவாகிவிட்டது.

அதே ஆளுக்கு வேறோர் ஆஃபர் வந்ததாக நினைத்துப் பாருங்கள். வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியர் பதவி. புரோகிராம் எழுதும் வேலை குறைவு. வாகனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்து, வண்டி ஓடுவதுபோல் சிக்னல் கொடுத்துச் சோதிக்கும் எச்.ஐ.எல். டெஸ்டிங்தான் வேலை. சம்பளமும் வருடத்துக்கு ஐம்பதாயிரம் குறைவு. ‘டெஸ்டிங்கா?’ என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் ரெஸ்யூமே வரியை எழுதிப் பாருங்கள். கேன், வாகன டயக்னாஸ்டிக்ஸ் என்று அவருக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் வந்து விழும். பதவிப் பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக இதைத் தட்டிவிடுவது அவசரம்.

கூடவே, நீங்கள் வைத்திருக்கும் இலக்கு எப்போது வைத்தது என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வருடப் பிராஜெக்ட் சமயத்தில் சொன்னதையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

படி 3: கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

முதலில், கையில் இருப்பது ஆஃபர் லெட்டர்தானா என்று பாருங்கள். ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்றால் வேலை தர எண்ணம் இருக்கிறது என்பது மட்டுமே. சேரும் தேதிகூட அதில் பெரும்பாலும் இருக்காது. அதை நம்பி இருக்கும் வேலையை விட்டுவிடக் கூடாது.

புதிதாகப் படித்து முடித்தவர்கள், குறிப்பாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் தங்கள் படிப்பு சார்ந்த கோர் கம்பெனி தேடும் மெக்கானிக்கல், இ.இ.இ. மாணவர்கள், பதவிப் பெயரில் ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னியும் கிராஜுவேட் அப்ரண்டிஸும் ஒன்றல்ல. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. தருவதும் சம்பளமல்ல, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்பதற்குப் பொதுவாக உத்தரவாதம் கிடையாது. தெரிந்தே சேர்ந்தால் நல்ல அனுபவம். வேலை என்று நினைத்துச் சேர்ந்தால் ஒரு வருடம் கழித்து அதிர்ச்சி.

பணியிடம் ‘இந்தியாவில் எங்கும்’ என்றும், ஷிப்ட் ‘பணித் தேவைக்கேற்ப’ என்றும் இருந்தால், போனில் “சென்னைதான், ஜெனரல் ஷிப்டுதான்” என்று சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் பீரியடை, அதாவது ராஜினாமா செய்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்களை, பலரும் கவனிப்பதில்லை. பொருந்தாத வேலையில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும். ‘எட்டு மாதம் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம்’ என்று கணக்குப் போட்டுச் சேர்வீர்கள். கடிதத்தில் 90 நாள் நோட்டீஸ் இருக்கும். நீங்கள் விரும்பிய வேலை வரும்போது அவர்கள் முப்பது நாளில் வரச் சொல்வார்கள். பணம் கட்டி நாட்களைக் குறைத்துக்கொள்ள வழி உண்டா, அது உங்கள் விருப்பமா கம்பெனியின் விருப்பமா என்பதைப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது பாண்டு, அதாவது இத்தனை வருடம் இருப்பேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். ‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிக்காது’ என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை பார்க்கவைக்க எந்தக் கோர்ட்டும் உத்தரவிடாது என்பது சரி. ஆனால் பணம் கேட்கலாம். மூன்று வருடம் முடிவதற்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது அப்போது பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்க அதற்கு ஆகும் செலவும் காலமும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. தனியார் கம்பெனி பாண்டில், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். இருந்தாலும் வக்கீல் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) இழுத்தடிப்பு என்று அலைச்சல் உங்களுக்குத்தான். துறையே பொருந்தாத வேலைக்குப் பாண்டில் கையெழுத்துப் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டு வரவேண்டாம்.

பணக் கணக்கு சுருக்கமாக. 7.2 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் அறுபதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அதில் பத்து சதவீதம் வேரியபிள் (உறுதியில்லாத, வேலையைப் பொறுத்து மாறும் பகுதி), அதாவது 72,000. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 30,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், வருடத்துக்கு 43,200. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 17,316. நிரந்தர வேலையில் அது பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு ஒரு 9,500. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 48,165. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,600 போனால் 44,565. தொழில் வரி தனி. சில கம்பெனிகள் பி.எஃப்-ஐ 15,000 ரூபாய் பேசிக்குக் கணக்கிட்டு மாதம் 1,800 மட்டும் பிடிக்கும். அங்கே கணக்கு கொஞ்சம் மாறும். திசை மாறிப்போவதற்கு விலையாக வருவது இந்தத் தொகைதான், சி.டி.சி. அல்ல.

படி 4: வேலையைப் பற்றி மேனேஜரிடம் கேளுங்கள்

எச்.ஆருக்குப் பதவியின் பெயர் தெரியும். அங்கே திங்கட்கிழமை காலை என்ன நடக்கும் என்பது மேனேஜருக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் கிடைத்தால் இந்த மாதிரிக் கேளுங்கள்: முதல் மூன்று மாதம் நான் என்ன செய்வேன்? குழுவில் எத்தனை பேர் புதிதாகப் புரோகிராம் எழுதுகிறார்கள், எத்தனை பேர் சப்போர்ட் பார்க்கிறார்கள்? இது புதிய இடமா, ஒருவர் விட்டுப்போன இடமா. விட்டவர் எங்கே போனார்? பிராஜெக்ட் உறுதியாகிவிட்டதா, இல்லை சேர்ந்ததும் பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் காத்திருக்க வேண்டுமா?

பதிலில் உள்ள விவரத்தைக் கவனியுங்கள். “எல்லாமே கத்துக்கலாம், நல்ல எக்ஸ்போஷர்” என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், சொல்ல வேறு ஒன்றுமில்லை என்று அர்த்தம். “ஆறு மாசத்துல வேற பிராஜெக்டுக்கு மாத்திக்கலாம்” என்பார்கள். இந்த வாக்குறுதியைச் சொல்பவர் மனதார நம்பியே சொல்லலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அவரே அந்தக் கம்பெனியில் இருப்பாரோ என்னவோ. உள்மாற்றத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பெரிய கம்பெனிகளில் விதியாகவே இருக்கும். அந்த விதியைக் கேளுங்கள். அதையும் மெயிலில் தரச் சொல்லுங்கள். மெயிலில் வராத வாக்குறுதிக்கு முடிவெடுக்கும்போது பூஜ்ஜிய மதிப்புக் கொடுங்கள்.

லிங்க்ட்இன்னில் அதே குழுவில் வேலை பார்த்து விலகியவர் யாராவது கிடைத்தால், ஒரு போன் பேச்சு இந்தப் படி முழுவதற்கும் சமம். நம் காலேஜ் சீனியர் என்றால் இன்னும் நல்லது. உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

படி 5: ஒன்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

பட்டியல் போட்டு ஆறு கோரிக்கை வைத்தால், அவர்களுக்குச் சுலபமான இரண்டைக் கொடுத்துவிட்டு “பாருங்க, செஞ்சுட்டோம்” என்பார்கள். படி 2-இல் கண்டுபிடித்த அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

‘ஆஃபருக்கு நன்றி. உங்கள் குழுவோடு பேசியதில் கம்பெனி எனக்குப் பிடித்திருக்கிறது. என் மூன்று வருட அனுபவம் எம்பெடட் துறையில். தொடர்ந்து அதிலேயே இருக்க விரும்புகிறேன். இந்தப் பதவி அப்ளிகேஷன் சப்போர்ட் சார்ந்தது என்று மேனேஜரிடம் பேசியபோது புரிந்தது. உங்கள் வாகனப் பிரிவில் இதே நிலையில் இடம் இருந்தால் என்னைப் பரிசீலிக்க முடியுமா? அதற்கு ஒரு ரவுண்டு இன்டர்வியூ தேவை என்றாலும் தயார். புதன்கிழமைக்குள் தெரிவித்தால் என் முடிவைச் சொல்ல வசதியாக இருக்கும்.’

குறை சொல்லும் தொனி இதில் எங்கும் இல்லை. மாற்றுக்கு வழியும் சொல்லியாயிற்று, தேதியும் கொடுத்தாயிற்று.

எதை மாற்றுவார்கள்? பிரிவு, பணியிடம், சேரும் தேதி, சில சமயம் ஷிப்ட் ஆகியவற்றை அனுபவம் உள்ளவர்களுக்கு மாற்றித் தர முடியும். கேம்பஸில் மொத்தமாக எடுக்கும்போது கிட்டத்தட்ட எதுவும் மாறாது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதம் போகும். ஊர் விருப்பம், பயிற்சிப் பிரிவு விருப்பம் என்று படிவம் வந்தால் அதை நிரப்பலாம், அவ்வளவே. ஃப்ரெஷர்கள் சம்பளப் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஒன்று அடிக்கடி நடக்கும். நீங்கள் கேட்டது பிரிவு மாற்றம்; அவர்கள் தருவது கூடுதல் பணம். “ஐம்பதாயிரம் சேத்துத் தர்றோம், வந்துடுங்க.” ரெஸ்யூமே வரிகள் இரண்டையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவை மாறவில்லை அல்லவா?

படி 6: முடிவு

வேலை கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அறிவுரை சொல்வது அநியாயம். வேலை இருந்தால், திசை மாறிய ஆஃபரை விடுவதில் பெரிய நஷ்டமில்லை. வேலை இல்லாவிட்டால், எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. கல்விக்கடனில் வங்கிகள் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் அவகாசம் தருகின்றன. உங்கள் கடனில் இ.எம்.ஐ. எந்த மாதம் தொடங்குகிறது என்று கிளையில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்துக்குள் வேறு வேலைக்கு உண்மையான வாய்ப்பு இல்லையென்றால், பொருந்தாத வேலையில் சேர்வதில் எந்த அவமானமும் இல்லை. சேரும்போதே எப்போது, எந்தத் தகுதியோடு வெளியேறுவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டோடு இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிக்க முடியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

கேம்பஸ் மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு ஆஃபர் வந்துவிட்டால் அடுத்த கம்பெனிகளுக்கு உட்கார விடாத கல்லூரிகள் உண்டு. ‘டிரீம் கம்பெனி’ என்று குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் தருபவர்களுக்கு மட்டும் விலக்குத் தரும் கல்லூரிகளும் உண்டு. இந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம், பொருந்தாத கம்பெனிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால்.

வீட்டில் பேசுவது தனிக்கலை. “கெடச்ச வேலைய விட்டுட்டு என்னடா பண்ணப் போற?” என்ற அப்பாவிடம் பேஷன், குரோத் என்று பேசினால் எடுபடாது. மாதம் கைக்கு வரும் தொகை, நோட்டீஸ் நாட்கள், எந்தத் தேதி வரை வேறு வேலை தேடுவேன், கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று நாலு விஷயத்தைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்பாக்கள் பெரும்பாலும் பயப்படுவது கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் கம்பெனிப் பெயருக்கு உள்ள மவுசு வேறு சங்கதி. அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

படி 7: பதிலை அனுப்புங்கள்

சரி என்பதானால், பேசி ஒப்புக்கொண்ட மாற்றம் திருத்திய கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதன்பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா.

வேண்டாம் என்பதானால், முதலில் போன், அரை மணி நேரத்துக்குள் மெயில். போனில் நீட்டி முழக்க வேண்டாம்: “மேடம், நல்லா யோசிச்சேன். எம்பெடட்லயே தொடரணும்னு முடிவு பண்ணிருக்கேன், அதனால இந்த ஆஃபரை ஏத்துக்க முடியல. உங்க டைமுக்கு ரொம்ப நன்றி.” ‘ஏன்’ என்று மூன்று முறை கேட்டாலும் இதே காரணம்தான். ஊர், ஷிப்ட், சம்பளம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணங்களைக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொன்றாகத் தீர்த்துவைத்துவிட்டு “இப்ப சரிதானே?” என்பார்கள். மெயிலில் நாலு வரி போதும்: நன்றி, ஏற்க இயலவில்லை என்ற தெளிவான வாக்கியம், ஒற்றைக் காரணம், என் துறையில் இடம் வந்தால் தெரிவியுங்கள் என்ற வேண்டுகோள். ‘இப்போதைக்கு யோசிக்கிறேன்’ போன்ற மழுப்பல் வேண்டாம். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் காத்திருப்பார்.

நண்பர் ரெஃபர் செய்த வேலை என்றால் எச்.ஆருக்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் இரண்டு இடத்துக்கும் சொல்லுங்கள். கன்சல்டன்சிக்காரர் உங்கள் பதிலை அவர் பாணியில் மாற்றிச் சொல்லிவிடலாம். கேம்பஸ் என்றால் முதலில் பிளேஸ்மென்ட் ஆபீசர். அவரைத் தாண்டிப் போனால் ஜூனியர்களுக்குத்தான் கஷ்டம்.

ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டால்

சேர்வதற்கு முன் மனம் மாறினால், மாறிய அன்றே சொல்லுங்கள். கடிதத்தில் இதற்கென்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாயினிங் போனஸோ வீடு மாறும் செலவோ முன்பே வாங்கியிருந்தால் திருப்பித் தரத் தயாராக இருங்கள். கொஞ்சம் திட்டு விழும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொல்லாமலே சேராமல் இருந்துவிட்டால் ‘இவரை மறுபடி எடுக்க வேண்டாம்’ என்று அவர்கள் பதிவில் ஏறிவிட வாய்ப்புண்டு. சேர்ந்துவிட்டு நாலு நாளில் காணாமல் போவது அதைவிட மோசம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில் அந்தக் கம்பெனியின் பெயரும் சேர்ந்த தேதியும் பதிவாகிவிட வாய்ப்புண்டு. அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் ‘இது என்ன?’ என்ற கேள்வி வரலாம்.

அனுப்பிய பிறகு

மேனேஜருக்கு லிங்க்ட்இன்னில் ஒரு நன்றி. அந்த மெயில் தொடரை அழிக்காதீர்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதே கம்பெனியின் வாகனப் பிரிவில் ஆள் எடுக்கும் விளம்பரம் கண்ணில் பட்டால், புது மெயில் எழுதாமல் அந்தப் பழைய மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள். நீங்கள் இன்டர்வியூவில் தேர்வானவர், எம்பெடட் வேண்டும் என்பதற்காகத்தான் அன்று மறுத்தவர் என்பதெல்லாம் கீழேயே இருக்கும். முதல் ரவுண்டில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய வேலை இருக்காது.